கோவையில் விடுவித்த தவணை அம்மாவின் கணக்குக்கு வந்து சேர்ந்த பாடு

2025 நவம்பர் 19 அன்று பிரதமர் கோயம்புத்தூரில் விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகையின் 21ஆவது தவணையை விடுவித்தார். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாலைக்குள் பலருக்கும் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய்தானே என்று சிலர் சொல்வார்கள். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை நம்பி மாடு கன்று வைத்திருப்பவருக்கு ஒரு தவணை 2,000 ரூபாய் என்பது பருத்திக்கொட்டையும் தவிடும்.

அப்பாவுக்குப் பிறகு பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றியதும், விவசாயி தனித்துவ அடையாள எண் பதிந்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன. இணையதளத்தில் பயனாளி நிலையைப் பார்த்தேன். அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: நில விவரம், இ-கேஒய்சி என்ற ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு. முதலாவது மட்டுமே சரியாக இருந்தது.

இ-கேஒய்சிக்குக் கைரேகை கேட்டார்கள். கிளுவை வேலி கட்டியும் சோளத்தட்டு அறுத்தும் தேய்ந்த விரல்கள் அம்மாவுடையவை. இ-சேவை மையத்துத் தம்பி பொறுமையாக ஈரத்துணியால் துடைத்தார், தேங்காய் எண்ணெய் தடவினார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி 2023 முதலே பிஎம் கிசான் செயலியில் இருக்கிறது. ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் கூடவே வேண்டும். வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன், முடிந்தது. செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் இதே பெயரில் சுற்றும் கோப்பைத் தொட்டால் கணக்கில் உள்ள பணமும் போய்விடும்.

வங்கியில்தான் அலைக்கழித்தார்கள். கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்க்கவே இல்லை. பாஸ்புக்கைப் புரட்டி, "ஆதார் ஏற்கெனவே இணைத்தாயிற்று, வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்" என்று திருப்பித் தந்தார். அங்கே போனால், "வங்கியில்தான் அம்மா பார்க்க வேண்டும்" என்றார்கள். "ஏனுங்க, அப்படியானால் நான் எங்கேதான் போவது?" என்று அம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

விஷயம் இதுதான். வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் அந்த ஆதாருக்கு நேராக இந்த வங்கி இருக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். நேரடி மானியம் அந்தப் பட்டியலைப் பார்த்தே வருகிறது. ஆதார் ஆணையத்தின் தளத்தில், ஆதாரில் பதிந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், வங்கி இணைப்பு நிலை தெரியும். அம்மாவுக்குச் செயலில் இல்லை என்று வந்தது. அதை அச்செடுத்து நேராகக் கிளை மேலாளர் மேசையில் வைத்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் மானியத்துக்கான ஆதார் இணைப்புப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அது அந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது!

படிவத்தைக் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மறுபடி பாருங்கள். பிறகும் தவணை வராமல் நின்றால் 155261 என்ற பிஎம் கிசான் உதவி எண் இருக்கிறது.

நின்றிருந்த தவணை அம்மாவுக்கு வந்துவிட்டது. அதே கவுண்டரில் அதே பதிலைக் கேட்டுத் திரும்பிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவுக்கு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை அச்செடுத்த தாளோடு அவரை அழைத்துக்கொண்டு மேலாளரிடம் போகிறேன்.