காது திருத்தி எழுதும்

பேசுபவர் 'எலை' என்றிருப்பார். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர் 'இலை' என்று எழுதிவிடுவார். 'ஒடம்பு' தாளில் 'உடம்பு' ஆகிவிடும். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. படித்துப் பழகிய காது அப்படித்தான் கேட்கும். 1970இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் இருமலைச் சேர்த்து ஒலிக்கவிட்டார். கேட்டவர்களுக்கு எதுவும் விடுபட்டதாகவே தெரியவில்லை. பேச்சுமொழி ஆய்வில் பின்பற்றும் முறைகளில் பல, இந்தக் காதுக்குக் கடிவாளம் போடத்தான்.

வேலையில் பாதி பதிவு செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பேச்சில் 'அவன் வந்தான்' என்பதன் ஈற்று னகரம் தனியாக ஒலிக்காது. உயிரொலி மூக்கில் கரைந்து முடியும். 'அவள் வந்தாள்' என்பதோ ளகரம் போய் 'அவ வந்தா' ஆகிவிடும். வந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல, பல சமயம் அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றுதான் சாட்சி. மின்விசிறி இரைச்சலில் முதலில் மறைவது அதுதான். கைபேசியின் இரைச்சல் நீக்கியும் இத்தகைய மெலிந்த ஈறுகளைத் தின்றுவிடும் என்பதால், அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கோப்பு வேவ் வடிவில், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட். உரத்த இடத்திலும் பதிவுக் கருவியின் அளவுகோலில் ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. உச்சி வெட்டுப்பட்ட ஒலியை அப்புறம் மீட்க வழியில்லை. பழைய தொலைபேசி இணைப்பில் வந்த பேச்சு என்றால் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கிடைக்கும். ஸகரத்தின் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், அந்தப் பதிவை வைத்து ஸ, ஷ வேறுபாட்டை ஆராயவே வேண்டாம்.

உச்சரிப்பை அறியப் பேசுபவரிடம் சொற்பட்டியல் எதையாவது வாசிக்கக் கொடுப்பதானால், அதைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். எழுத்தைக் கண்ணால் பார்த்ததும் ழகரம் நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அதன்பின் உரையாடலிலும் அந்த விறைப்பு தொடரும். 'என்ன சொன்னீங்க?' என்று இடையில் கேட்டாலும் இதே கதைதான். 1962இல் நியூயார்க் கடைகளில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் இதையே ஆய்வுக் கருவியாக்கினார்: நான்காம் மாடியில் உள்ள பொருளைப் பற்றிக் கேட்டு, பதில் வந்ததும் காதில் விழாதவர்போல் மறுபடி கேட்டார். முதல் பதில் இயல்பாகவும், இரண்டாவது நிதானமாகவும் வந்தன. நம் பதிவிலும் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

எழுதும்போது இரண்டு மூன்று விநாடித் துண்டுகளாகக் கேட்பது வசதி. ஒரு துண்டை நான்கு தடவைக்கு மேல் சுழலவிடாதீர்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது வேறு சொல்லாக மாறிக் கேட்கத் தொடங்கும். இது 1958லேயே ஆய்வில் பதிவான விளைவு. ஐயக்குறி போட்டு நகர்ந்து, மறுநாள் திரும்பி வருவதே மேல். ஒரு மணி நேரப் பேச்சைச் சொற்களாக எழுதவே பத்து மணி நேரம் போய்விடும். நுண்ணிய ஒலிக்குறியீடு என்றால் இன்னும் பல மடங்கு.

ஈலான் போன்ற மென்பொருளில் ஒவ்வொருவர் பேச்சுக்கும் இரண்டு அடுக்குகள் வைக்கலாம். மேலே ஒலித்தபடி, கீழே எழுத்துவழக்கில். 'வந்துட்டிருக்கான்', 'வந்துகிட்டிருக்கான்', 'வந்துண்டிருக்கான்' மூன்றையும் பின்னால் ஒரே தேடலில் எடுக்கக் கீழடுக்கு உதவும். மேலடுக்குக்குத் தமிழ் எழுத்து மட்டும் போதாது. இரக்கத்தைச் சொல்லும் 'பாவம்', முகத்தில் காட்டும் 'பாவம்' இரண்டுக்கும் நம்மிடம் ஒரே பகரம்தான். அங்கே பன்னாட்டு ஒலிக்குறியீடு வேண்டும்.

தானியங்கி எழுத்தாக்கம் நேரத்தை மிச்சப்படுத்தும், மறுக்கவில்லை. ஆனால் 'வந்து… வந்து…' என்ற தடுமாற்றத்தையும் பாதியில் நின்ற சொல்லையும் அது பெரும்பாலும் விட்டுவிடும். அதைவிட ஆபத்து, திரையில் இருப்பதே நம் காதிலும் விழுவது. எனவே முதல் தடவை திரையை மூடிக் கேட்க வேண்டும்.

பதிவில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவர், முதல் பிரதியைப் பார்க்காமல், புதிதாக எழுதட்டும். இருவர் பிரதியும் மோதும் இடத்தில் பெரியவர் சொல்லே முடிவு என்று வைத்தால் தரவு கெடும். 'அவன்' என்று ஒருவரும் 'அவ' என்று மற்றவரும் எழுதியிருந்தால், இரண்டையும் நேரக்குறிப்போடு அப்படியே கோப்பில் வைக்கலாம்.