அடைப்பு உரமான கதை

பெர்லினுக்குப் பக்கத்தில் வாஸ்மன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே ஒருவகைப் படிகம் கல்லாக இறுகிக் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்தது. பெயர் ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. அதாவது, பயிருக்கு வேண்டிய சத்து!

சரி, தானாக வருவதை நாமே வரவைப்போம் என்று கசடில் காற்றைச் செலுத்தி, மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, ஒரு தொட்டிக்குள்ளேயே படிகமாக்குகிறார்கள். அதைக் கழுவிக் காயவைத்து 'பெர்லினர் ஃப்ளான்ட்ஸே' என்று உரமாகவும் விற்கிறார்கள். இது தண்ணீரில் சட்டென்று கரையாது, வேருக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேரும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

பாஸ்பேட் உரத்துக்கு மூலப்பொருள் பாறை பாஸ்பேட் என்ற கனிமம். உலகில் அதன் இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ பக்கம் இருக்கிறது. ஜெர்மனி இறக்குமதியை நம்பியே இருக்கிறது. அதனால் 2017இல் சட்டமே போட்டுவிட்டார்கள்: 1,00,000 பேருக்கு மேற்பட்டோரின் கழிவுநீரைக் கையாளும் அளவுள்ள நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்தோ அதை எரித்த சாம்பலிலிருந்தோ பாஸ்பேட்டில் இருக்கும் சத்தான பாஸ்பரஸை மீட்க வேண்டும். 50,000க்கு மேற்பட்டவற்றுக்கு 2032.

பாஸ்பேட்டை இறக்குமதி செய்யும் நம் நாட்டிலும் இப்படி ஒரு கெடு வேண்டும். புதிதாகக் கட்டும் நிலையங்களிலாவது தொடங்கலாமே.