சம்ப் மோட்டாருக்கு நானே கட்டிய டப்பா

மடிப்பாக்கம் வீட்டுச் சம்ப் மோட்டார் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் தான். ஸ்டார்ட்டர் டப்பாவை நானே கட்டலாம் என்று பாரிமுனையில் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது), பட்டன்கள் வாங்கி வந்தேன்.

மோட்டார் ஓடும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். ரீசெட் செய்தாலும் அதே கதை. மோட்டாரே போச்சு என்று நினைத்தேன். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் திறந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, இது த்ரீ பேஸ் ரிலே. மூணு போல், அதாவது மூணு கரண்ட் பாதை இருக்கு. ஒரு போல்லதான் கரண்ட் விட்டிருக்கே. மத்த ரெண்டும் சும்மா இருந்தா, பேஸ் போச்சுன்னு ட்ரிப் ஆகத்தான் செய்யும்." பேஸை மூன்று போல் வழியாகவும் வரிசையாகச் சுற்றிக் கொண்டுவந்தார். சரியாகிவிட்டது.

அப்புறம் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, என் எர்த் வேலையைச் சோதித்தார். டப்பாவுக்குக் கொடுத்திருந்தேன், கதவுக்குக் கொடுக்கவில்லை. கீல் போதும் என்பது என் கணக்கு. "பட்டன் கதவுலதானே இருக்கு? ஈரக்கை படுறதும் அங்கதான்." போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைப் பளபளவெனச் சுரண்டி, பச்சை ஒயரை லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) போட்டு முறுக்கினார். டப்பாவுக்கு முன்னால், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னார், போட்டாயிற்று.

என் பெருமைக்கு மிஞ்சியது, பட்டனை விட்ட பிறகும் காண்டாக்டரைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் காண்டாக்ட் மட்டும்தான். கரண்ட் போனால் அந்தப் பிடி விட்டுவிடும், திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. கிளாண்ட் (ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்கி அடைப்பது) போடாத ஓட்டை ஒன்று பாக்கி. பல்லி குடியேறுவதற்குள் நாளை வாங்க வேண்டும்.