முதுகெலும்பு உடைந்த பிறகு பாரம் தூக்கினேன்

முதுகெலும்பு உடைந்தவருக்கு நம்ம தேயிலைத் தோட்டப்பக்கம் எல்லோரும் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "இனிமே பாரம் தூக்கிறாத." ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பாட்டி சொன்னார். பார்க்க வந்த லயத்துச் சனம், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், சொன்னது. என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மாரும் சொன்னார்கள். அந்தப் புத்தி எதுவரைக்கும் சரி, எங்கிருந்து அது ஆளை முடக்கிப் போடுகிறது என்பதை எழுதவேண்டும் என்று நீண்ட நாள் ஆசை.

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆனி மாத மழையில் லயத்துக் கல்படியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்தேன். எக்ஸ்ரேயில் எல் 1 எலும்பு, அதாவது கீழ்முதுகின் முதல் எலும்பு, நசுங்கியிருந்தது. விலா எலும்புகளோடு கட்டுண்டு அதிகம் அசையாத மேல்முதுகும், நன்றாக வளைகிற கீழ்முதுகும் சந்திக்கிற இடம் அது. விழுந்த வேகம் அங்கேதான் போய்த் தாக்கும். முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத்தண்டான முண்ணாண் வளர்ந்தவர்களுக்கு முடிவதும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான். எனக்கு எலும்பின் முன்பக்கம் மட்டும் நசுங்கி, பின்பக்கம் தப்பிவிட்டது. டொக்டர் கேட்டு நான் கால்விரல்களை அசைத்துக் காட்டிய பிறகுதான் அம்மாவுக்கு அழுகையே வந்தது.

மூன்று மாதமளவில் முதுகைத் தாங்குகிற பெல்ட் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் "தூக்காதே" என்பது முழுக்கச் சரி. எலும்பு பிடித்துவிட்டது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் பாடசாலைக்குத் திரும்பினால் ஒரு பாடவேளை முழுக்க நின்று பலகையில் எழுத முடியவில்லை. டிக்கோயா வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எலும்பு கூடியிருந்தது, அதைத் தாங்க வேண்டிய தசைகள் படுத்தும் பெல்ட் போட்டும் கரைந்து போயிருந்தன. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். வலிக்குப் பயந்து அசையாமல் இருக்க, தசை இன்னும் மெலிய, வலி இன்னும் கூடுகிறது.

பிசியோ மிஸ் என்னை அப்படி விடவில்லை. முதலில் நாலு காலில் நிற்பதுபோல நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டிப் பிடிக்கிற பயிற்சி. பிறகு பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது. அதன்பின் குனியக் கற்றுக்கொடுத்தார். அதற்கு நான் அம்மாவின் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டேன். கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்கிற அந்தக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடித்தால் பின்தலை, நடுமுதுகு, வாலெலும்பு மூன்றிலும் படவேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். கம்பு ஓரிடத்தில் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு வயதுக்கு எனக்குக் குனியத் தெரிந்திருக்கவில்லை. யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையே.

குனிவது கைவந்ததும் 5 லீட்டர் தண்ணீர்க் கேன், அப்புறம் புத்தகப் பையில் ஆற்றுமணல். டொக்டர் சரி என்ற பிறகு ஹட்டன் டவுனில் ஒரு ஜிம். பெண்கள் யாரும் வராத இடம். நடத்துகிற தம்பி, "அக்கா, ஆம்பளப் பசங்க வர்றதுக்கு முன்னாடி வந்துருங்க, நான் நிண்டு பாத்துக்கிறேன்" என்றார். அங்கே இருக்கிற, பிளேட் மாட்டித் தூக்குகிற நீள இரும்புப் பார் வெறுமனே 20 கிலோ. அதைத் தரையிலிருந்து எடுக்க விடவில்லை. கட்டை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு வைத்தார். வயிற்றை இறுக்கி, பாரைக் காலோடு ஒட்டி எழும்பினேன். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றேகால் கிலோ பிளேட், சில வாரம் கழித்து இன்னும் ஒன்று. வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு நாட்கள். கட்டையையும் ஒவ்வொன்றாகக் குறைத்தோம். இப்போது தரையிலிருந்தே 50 கிலோ எடுக்கிறேன். நின்று படிப்பிக்கிறேன், பஸ்ஸிலும் நின்று போகிறேன்.

சுமை கூடக் கூட எலும்பும் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் வைத்தியர் ஜூலியஸ் வூல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். எலும்புத் தேய்வுள்ள பெண்களுக்கு அவுஸ்திரேலியாவில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்றுநர் முன்னிலையில் கனமான எடை தூக்கக் கொடுத்து எட்டு மாதம் பார்த்தார்கள். இடுப்பு முதுகின் எலும்பு அடர்த்தி கூடியது.

காலையில் எழுந்த உடனே குனிந்து தூக்குவதை விட்டுவிட்டேன். இரவில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்குகள் நீர் பிடித்து உப்பியிருப்பதால் அந்நேரம் குனிந்தால் அழுத்தம் அதிகம். ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று தசை வளராது. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி ஏதாவது ஒன்று தட்டில் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாவிட்டாலோ, கால் பலமிழந்தாலோ பயிற்சி எதுவும் வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த 20 கிலோ பாரைப் பிடிக்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம் வரும். பல தோட்டங்களில் பேர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்க, ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து வேண்டும். அம்மா அதைத் தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மழையில் சறுக்கும் மலையில் ஏறி இறங்கினார். என் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஆள் பக்கத்தில் நின்றார், அலுத்தால் கீழே வைக்கலாம், மறுநாள் ஓய்வு. அம்மாவுக்கு இதில் ஒன்றுமே இருக்கவில்லை. அவர் இடுப்பு தேய்ந்ததற்குப் பாரம் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் லயத்துப் பெண்களுக்கு மட்டக்கம்பு வைத்துக் குனியக் காட்டுகிறேன். "டீச்சர், இந்தக் கம்ப இதுக்கும் வச்சிக்கலாமா" என்று கேட்ட அக்காதான் இப்போது மற்றவர்களுக்குப் பிழை பிடிக்கிறார். அடுத்து, கொழுந்தை நிறுத்துக் கொடுக்கிற கொட்டகையான மடுவத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை வேண்டும். மூட்டையைத் தரையிலிருந்து இழுத்து முதுகில் ஏற்றுவதைவிட மேடையிலிருந்து ஏற்றுவது பாதி வேலை. நாலு கட்டையும் இரண்டு பலகையும் போதும். தோட்டத் தலைவரிடம் கேட்டாயிற்று. அடுத்த சம்பளத்துக்குள் நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசும்போது நானும் கூடப் போகிறேன்.