ஆஞ்ஞோவும் ஆனோவும்

எங்கள் டீமில் சேர்ந்த இரண்டாவது வாரமே அந்தப் பெண் ஒரு பிழையைப் பதிவு செய்தார். 'முன்னுரிமை: குறைவு' என்று போட்டுவிட்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

கிளினிக்குகளிலிருந்து நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. ஸ்பானிஷில் வருடத்துக்கு 'ஆஞ்ஞோ' என்பார்கள்; வயதையும் அந்தச் சொல்லை வைத்தே சொல்வார்கள். கிட்டத்தட்ட நம் ஞகர ஒலிதான். எழுதும்போது 'என்' எழுத்தின் தலையில் ஒரு நெளிகோடு வரும். எங்கள் நிரல் அந்தக் கோட்டைத் தின்றுவிடும். கோடு போனால் 'ஆனோ', அதாவது ஆசனவாய். "5 வயதுக் குழந்தைக்குத் தடுப்பூசி" எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சிடுமே?" என்றேன்.

"புரியும். சிரிப்பாங்க. அடுத்த மெசேஜை நம்ப மாட்டாங்க."

அவர் வளர்ந்தது கலிஃபோர்னியாவின் சலினாஸில். சான் ஹோசேயிலிருந்து 101 நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரச் சொச்சம். மெக்சிகோவிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் அங்கே லெட்யூஸ் அறுவடைக் கூலிகள். நவம்பரில் லெட்யூஸ் வேலை அரிசோனாவின் யூமாவுக்கு மாறும். குடும்பமும் பின்னாலேயே போய் வசந்தத்தில் திரும்பும். ஆண்டுக்கு இரண்டு பள்ளிக்கூடம். வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை பில் என்று வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள்களையெல்லாம் எட்டு வயதிலிருந்தே இவர்தான் படித்துச் சொல்வார். கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பும்போது, வருமான வரிக் கணக்கில் எந்த வரியை எடுத்து எங்கே எழுதுவதென்று 17 வயதில் அப்பாவுக்கு விளக்கினாராம். எனக்கு அதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

சலினாஸின் ஹார்ட்னெல் கல்லூரியும் மான்டரே பே மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013இல் தொடங்கிய கணினி அறிவியல் பட்டப்படிப்பு ஒன்று உண்டு; அமெரிக்காவில் வழக்கமான நான்கு ஆண்டுக்குப் பதில் மூன்றே ஆண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் பலர் அதில் ஒரே குழுவாகப் படிக்கிறார்கள். அங்கிருந்துதான் இவர் வந்தார். நேர்காணலில் "மூன்றே வருஷமா?" என்று மனதுக்குள் முகம் சுளித்தவன் நான்.

சரி, கோட்டை ஏன் தின்றோம்? காசுதான். குறுஞ்செய்திக்கென்று ஓர் அடிப்படை எழுத்துப் பட்டியல் இருக்கிறது. அதற்குள் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்து. வெளியிலிருந்து ஒரே ஓர் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும்; ஒன்று இரண்டு மூன்றாக உடையும், கட்டணமும் அப்படியே. அதனால் ஸ்பானிஷ் குறிகள் எல்லாவற்றையும் சீவித்தள்ள யாரோ ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

இவர் அந்தப் பட்டியலை, வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கிற மாதிரி, வரிவரியாகப் படித்திருக்கிறார். சாய்கோடு போட்ட ஐந்து உயிரெழுத்துகளில் நான்கு அதில் இல்லை. நெளிகோட்டு 'என்' இருக்கிறது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். காலணா செலவில்லாமல் வைத்திருக்கலாம். ஆறு வருஷமாக நான் திறந்தே பார்க்கவில்லை.

திருத்தம் ஒரே வரி. சோதனைக்குத் தன் அம்மாவின் எண்ணுக்கே அனுப்பினார்: 5 வயதுக் குழந்தைக்குத் தடுப்பூசி, வியாழன் காலை. இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. வயலில் டிராக்டர் சத்தத்தை மீறி அந்த அம்மா கத்துவது என் நாற்காலி வரைக்கும் கேட்டது.

"என்ன சொல்றாங்க?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அது யார் குழந்தைன்னு கேக்கிறாங்க."