ரயில் சிக்னல்: நிறத்தோடு எழுத்தையும் படியுங்கள்

சிக்னலில் மஞ்சள் எரிந்தால் "மெதுவாகப் போ" என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சாலைக் கணக்கு. வேகமாக வரும் ரயிலை நிறுத்த ஒரு கிலோமீட்டர் வரை பிடிக்கும், கனமான சரக்கு ரயிலுக்கு அதற்கு மேலும் ஆகும். சிவப்பைக் கண்ட பிறகு பிரேக் போட்டால் காரியம் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு சிக்னலும் அடுத்த சிக்னலின் நிலையை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இந்திய ரயில்வேயில் ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வர வேண்டும். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வர வேண்டும். பச்சை என்றால் அந்தப் பாதைக்கு அனுமதித்த வேகத்தில் போகலாம். சிவப்பு மட்டும்தான் "இங்கேயே நில்" என்கிறது.

முன்னெச்சரிக்கை தரும் டிஸ்டன்ட் சிக்னல் இரண்டு உள்ள ஸ்டேஷனில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்கு 2 கி.மீ. முன்னால் டிஸ்டன்ட், 1 கி.மீ. முன்னால் இன்னர் டிஸ்டன்ட். ஹோம் சிவப்பாக இருந்தால் டிஸ்டன்டில் இரட்டை மஞ்சள், இன்னர் டிஸ்டன்டில் ஒற்றை மஞ்சள். ரயிலை, மெயின் லைனிலிருந்து பிரியும் பக்கத் தடமான லூப் லைனில் எடுக்கிறார்கள் என்றால் டிஸ்டன்ட், இன்னர் டிஸ்டன்ட் இரண்டிலும் இரட்டை மஞ்சள். ஹோமில் ஒற்றை மஞ்சளோடு, அந்த சிக்னலின் தலைக்கு மேலே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள். அவை எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கம் ரயில் திரும்பும். மெயின் லைனில் நேராகப் போனால் அந்த வெள்ளை விளக்குகள் எரியாது. முதல் டிஸ்டன்டில் இரட்டை மஞ்சளைப் பார்த்ததுமே லூப் லைன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விஷயம் இன்னர் டிஸ்டன்டில்தான் பிரியும்.

இனி கம்பத்தில் உள்ள வட்டத் தகடு. ரயிலைப் பார்த்து ரசிக்கிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை, எனக்கோ நிறத்துக்குச் சமமான முக்கியத்துவம் இதற்கும் உண்டு. ஒரே சிவப்புக்கு, தகட்டைப் பொறுத்து நடைமுறை மாறும்.

வெள்ளைத் தகட்டில் கறுப்பு 'ஏ' இருந்தால் அது ரயில்கள் நகர்வதற்கேற்பத் தானாகவே மாறும் தானியங்கி சிக்னல். சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் வரிசையாகப் பார்க்கலாம். இங்கே சிவப்பில் நின்று, பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் காத்திருந்து, அப்போதும் மாறாவிட்டால் விசில் கொடுத்துவிட்டு ஊர்ந்து போகலாம். முன்னால் எது தெரிந்தாலும் அதற்கு முன்பே நிறுத்தும்படியான வேகம்தான். அடுத்த சிக்னல் பச்சையாகத் தெரிந்தாலும் அதை அடையும்வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. மின்சார ரயில் சிவப்பைத் தாண்டுவதைப் பார்த்து "டிரைவர் சிக்னலை மீறிவிட்டார்" என்று பதறுகிறவர்கள் முதலில் இந்தத் தகட்டைத் தேட வேண்டும்.

தகடு இல்லாத ஹோம் சிக்னலிலும், ஸ்டேஷனிலிருந்து கிளம்ப அனுமதிக்கும் ஸ்டார்ட்டர் சிக்னலிலும் இந்தச் சலுகை கிடையாது. எத்தனை நிமிடம் ஆனாலும், முறையான அனுமதி வராமல் நகரக் கூடாது.

மஞ்சள் தகட்டில் 'ஜி' இருந்தால் லெவல் கிராசிங் கேட்டுக்கான சிக்னல். அதே 1 நிமிடம், 2 நிமிடக் கணக்குதான்; ஆனால் கேட் வரை மட்டுமே மெல்லப் போகலாம். கேட் கீப்பரோ, அவர் இல்லாவிட்டால் ரயில் ஊழியர் ஒருவரோ கை சிக்னல் காட்டினால்தான் கடக்க வேண்டும். 'ஐபி' (IB) என்றால் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் தடத்தைப் பிரிக்கும் பிளாக் சிக்னல். அங்கே உள்ள போனில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேச வேண்டும். 'பி' (P) இருப்பது டிஸ்டன்ட் வகை, அதில் நிற்கத் தேவையில்லை. 'சி' தகட்டோடு கீழே உள்ள சிறிய மஞ்சள் விளக்கு, மேலே சிவப்பு எரியும்போதே எரியும். ரயில் அங்கே நின்ற பிறகு, எச்சரிக்கையோடு உள்ளே வரச் சொல்வது அது.

பழுது வந்தாலும் பாதுகாப்பான பக்கமே சாயும்படி அமைத்திருக்கிறார்கள். நான்கு நிறச் சிக்னலில் மேலிருந்து மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கியிருக்கும். இரட்டை மஞ்சளில் ஒன்று அணைந்தால் மிஞ்சுவது ஒற்றை மஞ்சள், அதாவது இன்னும் கடுமையான உத்தரவு. எந்த விளக்குமே எரியவில்லை என்றால், அந்த சிக்னல் காட்டக்கூடிய மிகக் கடுமையான நிலையில் இருப்பதாகவே லோகோ பைலட் (ரயில் டிரைவர்) எடுத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு காட்டும் சிக்னலாக இருந்தால் நின்றே ஆக வேண்டும். சிக்னல் முகப்பில் இரண்டு பட்டைகளைப் பெருக்கல் குறி போல அடித்திருந்தால் மட்டும் அது பயன்பாட்டில் இல்லாத சிக்னல்.