ஒரு கடிதம் வந்தது, இன்னொன்று வரவில்லை

என் மகன் தொடக்கநிலை மூன்றில் படித்தபோது அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க பஸ் எண்களாக இருக்கும். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ். 161, 168, 903, 911, 913 என்று எங்கள் வட்டாரத்தில் ஓடும் பஸ்களை எல்லாம் எழுதி, எதை எதால் வகுக்கலாம் என்று பக்கத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பான். 161-ம் 168-ம் ஏழாம் வாய்ப்பாட்டில் அடுத்தடுத்து வருகின்றன என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. 911-ஐ எதாலும் வகுக்க முடியவில்லை என்று ஒருநாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வகுப்பில் பாடத்தைக் கவனிக்காமல் கிறுக்குகிறானே என்று மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது.

அது 2019. அப்போதெல்லாம் இங்கே தொடக்கநிலை மூன்று, அதாவது மூன்றாம் வகுப்பு, என்றால் ஜிஇபி ஆண்டு. மீத்திறன் மாணவர்களுக்கென்று கல்வி அமைச்சு 1984-ல் தொடங்கிய திட்டம் அது. ஆகஸ்டில் முதல் கட்டத் தேர்வு, எல்லோரும் சொல்வது ஸ்கிரீனிங். ஆங்கிலம், கணிதம் என்று இரண்டு தாள், அவரவர் பள்ளியிலேயே எழுதலாம். அதில் தேறியவர்களுக்கு அக்டோபரில் இரண்டாம் கட்டம். அங்கே ஆங்கிலம், கணிதத்தோடு பொதுத் திறன் என்று மூன்றாவதாக ஒரு தாள். கடைசியில் எடுத்துக்கொண்டது அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான். அவர்கள் தொடக்கநிலை நான்கிலிருந்து, இந்தத் திட்டம் நடந்த ஒன்பது பள்ளிகளில் ஒன்றுக்கு மாறிப் போகலாம். வகுப்புக்கு ஏறத்தாழ 25 பேர், பாடம் ஆழமாகப் போகும், தனி ஆய்வு செய்ய வைப்பார்கள். ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் எல்லோரும் எழுதும் அதே பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வைத்தான் அவர்களும் எழுத வேண்டியிருந்தது.

இந்தத் தேர்வுக்குத் தயார் செய்யாதீர்கள் என்று அமைச்சு சொல்லிக்கொண்டே இருக்கும். டியூஷன் நிலையங்கள் தயார் செய்துகொண்டே இருக்கும். என் அலுவலகத் தோழி ஒருத்தி தன் மகளைத் தொடக்கநிலை இரண்டிலிருந்தே சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். “நீ இன்னும் சேர்க்கலையா?” என்று அவள் கேட்ட விதத்தில், ஏதோ தடுப்பூசி போட மறந்துவிட்டதைப் போல எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்கிரீனிங்குக்கு எதுவும் செய்யவில்லை. அது எங்கள் கொள்கையெல்லாம் இல்லை, சோம்பல்தான்.

ஆகஸ்டில் எழுதிவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டால், “ஜாலியா இருந்துச்சும்மா, கேள்வி எல்லாம் புதுசா இருந்துச்சு” என்றான். அடுத்த கட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டில் நல்ல புத்தியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

நான் அன்றைக்கே போய்ப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கினேன். வடிவங்கள் வரிசையாக இருக்கும், அடுத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் உறவு கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தோழி சொன்ன நிலையத்தில் மூன்று வார அவசர வகுப்பிலும் சேர்த்தேன். கட்டணத்தை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது வாரம் அவன் அங்கிருந்து வந்து, “அம்மா, அங்க யோசிக்க விட மாட்டேங்கிறாங்க, எப்படிப் போடணும்னு முதல்லயே சொல்லிடறாங்க” என்றான். அந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். மூன்றாவது வாரமும் அனுப்பினேன்.

என் கணவர் இன்னொரு பக்கம் எக்ஸல் தாள் ஒன்றைத் திறந்துவிட்டார். ஒன்பது பள்ளிகள், தூரம், பயண நேரம், எல்லாம் அதில். தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு விஷயம் இருந்தது, பலர் கடைசி நேரத்தில்தான் கவனித்தார்கள். ஒன்பதில் நான்கு, அதாவது கத்தோலிக் ஹை, நன் ஹுவா, நன்யாங், தாவ் நான், எஸ்ஏபி பள்ளிகள். சீன மொழியையும் பண்பாட்டையும் முன்னிறுத்தும் பள்ளிகள் அவை. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம்தான். தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அந்த நான்கும் இல்லை. ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி மகனுக்கு ஆகாது. மிச்சம் நான்கு: ஹென்றி பார்க், ரோசைத், செயிண்ட் ஹில்டாஸ், ஆங்கிலோ-சைனீஸ். உட்லண்ட்ஸிலிருந்து எதுவும் பக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே தேர்வு, ஆனால் அதைத் தாண்டிய பிறகு என் மகனுக்கு இருக்கும் கதவுகள் பக்கத்து வீட்டுச் சீனப் பையனுக்கு இருப்பதில் பாதிதான். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உறுத்தியது.

ரோசைத் பள்ளியைக் குறித்து வைத்து, ஒரு சனிக்கிழமை காலை ஒத்திகைப் பயணம் போனோம். ஆமாம், முடிவு வருவதற்கு முன்பே. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, எம்ஆர்டி ரயிலில் ஆங் மோ கியோ வரை, அங்கிருந்து சிராங்கூன் நார்த்துக்குப் பஸ். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மகன் பஸ் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். திரும்பி வந்ததும் என் மாமியார் கேட்டார்: “பரிச்சை ரிசல்ட்டு வந்திருச்சா?” இல்லை என்றோம். “அப்புறம் எதுக்குப் பிள்ளையத் தூக்கத்துல எழுப்புனீங்க?” எங்களிடம் பதில் இல்லை.

நவம்பரில் முடிவு வந்தது. மகன் தேர்வாகவில்லை. எவ்வளவு வாங்கினான், எந்தத் தாளில் விட்டான், எதுவும் சொல்ல மாட்டார்கள், மதிப்பெண் வெளியிடுவதில்லை. முதலில் எனக்கு அது கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், எண் தெரிந்திருந்தால் அதை வைத்து அவனை இரண்டு வருடம் குத்திக் காட்டியிருப்பேன். அவனிடம் சொன்னபோது, “அப்ப அந்தப் பஸ்ல தினமும் போக மாட்டோமா?” என்றுதான் கேட்டான்.

உண்மையில் எங்களுக்கு உதவியது அந்த மாதம் நடந்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. அவனுடைய கணித ஆசிரியை நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தவர். அவர் அவனுடைய நோட்டைத் திறந்தார், முன்பக்கம் அல்ல, பின்பக்கம். “இதை நான் சில மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். 911-க்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: இது மாதிரி வேறு பஸ் எண்கள் இருக்கிறதா, தேடு. மகன் தேடியிருந்தான். பகா எண் என்ற பெயரே தெரியாமல் அரைப் பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தான். அந்த நோட்டுக்கு நான்தான் அட்டை போட்டேன். ஒருநாளும் பின்பக்கம் பார்த்ததில்லை.

ஜிஇபி கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்பதை அவர்தான் விளக்கினார். ஈ2கே என்று ஒன்று இருக்கிறது. எக்ஸலன்ஸ் 2000 என்பதன் சுருக்கம். கணிதத்திலும் அறிவியலிலும் ஆர்வமும் திறனும் உள்ள பிள்ளைகளுக்குச் சொந்தப் பள்ளியிலேயே நடத்துகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் இல்லை, எங்கள் பள்ளியில் இருந்தது. ஆசிரியை பெயர் கொடுத்தார், தொடக்கநிலை நான்கில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே விடையை ஆசிரியர் சொல்வதில்லை. பிள்ளைகளே பேசி, சண்டை போட்டு, தப்பாகப் போட்டு, ஒரு விதிக்கு வர வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் வந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தபோது அதுவும் கொஞ்ச காலம் நின்றுபோனது. அந்த மாதங்கள் வீட்டில் பெரும்பாடு.

குறையும் இருக்கிறது. ஈ2கே வாரத்தில் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரம் முழுக்க அவன் பழைய வகுப்பில் பழைய வேகத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த ஆசிரியை அடுத்த ஆண்டு வேறு வகுப்புக்குப் போனதும், பின்பக்கம் பார்க்கிறவர் யாரும் வரவில்லை. எழுத்துத் திறன் உள்ள பிள்ளையாக இருந்திருந்தால் அந்தப் பள்ளியில் என்ன கிடைத்திருக்கும் என்பதும் கேள்விதான்.

என் மகள் 2024-ல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தாள். அந்த ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில், ஜிஇபி இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். மகளின் ஆண்டுதான் புதிய முறைக்கு முதல் ஆண்டு. இரண்டு கட்டத் தேர்வு போய் ஒரே கட்டம். அதோடு ஆசிரியர்கள் வகுப்பில் கவனித்ததும் பிள்ளை அன்றாடம் செய்கிற வேலையும் கணக்கில் வரும். பள்ளி மாற வேண்டியதில்லை, ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். இன்னும் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியில், பள்ளி நேரத்துக்குப் பிறகு தனி வகுப்பு. உரையைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர், “அப்போ எக்ஸல் வேண்டாம்” என்றார்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆசிரியரின் கண்ணுக்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் எங்களை மாதிரிப் பெற்றோர் சும்மா இருப்போமா? போன வாரம் அதே தோழி கேட்டாள், பிள்ளையின் ஆர்வங்களைத் தொகுத்து ஆசிரியர் கண்ணில் படுகிற மாதிரி செய்துகொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று. தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து, அவளுக்குத் தெரியாமல், மகளின் நோட்டைப் பின்பக்கமாகத் திறந்து பார்த்தேன். பூனைகள். ஒரு பக்கம் நிறைய பூனைகள், எல்லாவற்றுக்கும் பெயர், ஒன்றிரண்டுக்கு அம்மா அப்பா யார் என்று அம்புக்குறி. மூடி வைத்துவிட்டேன்.